பின்னாலிருந்து தொடங்குபவர்களுக்கு: மனதை வேலைக்குப் பழக்குவது எப்படி?

வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள், கடன் இருக்கும்போதே வேலை தேட வேண்டியவர்கள், சின்ன வயதிலேயே குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள், ஒரு முறை பெரிதாகச் சறுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். "மனச மாத்திக்கோ, எல்லாம் தன்னால சரியாகும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள், கேட்டதும் சுருக்கென்று எரிச்சல் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அடுத்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று தெரியாமல் நிற்பவனிடம் மனதைப் பற்றிப் பேசினால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் உருப்படியான சங்கதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை எடுத்து எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் அது வெறும் உபதேசமாகவே நின்றுவிடுகிறது.

நான் புரிந்துகொண்டது இதுதான். ஒரு காரியம் கெட்டுப்போன அன்று ராத்திரி, தூக்கம் வராமல் புரண்டுகொண்டு, "ஏன் இப்படி ஆச்சு" என்பதற்கு நமக்கு நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோமே, மனநிலை என்பது பெரும்பாலும் அந்தக் காரணம்தான். "என் தலையெழுத்து", "எனக்கு அவ்வளவு மூளை கிடையாது" என்று சொல்லிக்கொண்டால் மறுநாள் காலையில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. "இரண்டாவது பாடத்தை நான் தொடவே இல்லை" என்று சொல்லிக்கொண்டால் காலையில் ஒரு வேலை காத்திருக்கும். கீழே வருகிற படிகள் எல்லாம் அந்தக் காரணத்தைச் சரிபார்ப்பது பற்றியும், சரிபார்த்தபின் கையை எங்கே வைப்பது என்பது பற்றியும்தான். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

படி 1: கஷ்டத்தைக் கஷ்டம் என்றே எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில், உங்களைப் பின்னுக்கு இழுக்கிற விஷயங்களை மழுப்பாமல் எழுதுங்கள். பணம், உடம்பு, வீட்டுச் சண்டை, மொழி தெரியாதது, வழிகாட்ட ஆள் இல்லாதது, எதுவானாலும் சரி. இது புலம்பல் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. எழுதாமல் விட்டால்தான் அந்தக் கஷ்டத்தின் பழியெல்லாம் சத்தமில்லாமல் உங்கள் திறமையின் மேல் போய் உட்காரும்.

பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன், உளவியலாளர் எல்டார் ஷஃபிர் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 464 கரும்பு விவசாயிகளின் யோசிக்கும் திறனை, அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்தில் ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்தபிறகு ஒரு முறையும் சோதித்துப் பார்த்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் காசில்லாத நேரத்தில் எடுத்த மதிப்பெண் குறைவு. பணக் கவலை மூளைக்குள் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். அதனால் கஷ்டமான மாதங்களில் படித்தது எதுவும் தலையில் ஏறவில்லை என்றால், அதை வைத்து "நான் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டாதீர்கள். மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடுபவன் மெதுவாகத்தான் ஓடுவான்.

அதே சமயம், ஆரம்பம் மோசமாக இருந்தால் முடிவும் அப்படித்தான் என்பதும் உண்மையில்லை. எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய், ஓயாத சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகள். அந்தக் குழந்தைகளிலும் மூன்றில் ஒருவர் 18 வயதுக்குள் நன்றாகத் தலையெடுத்துவிட்டார். இதைவிட எனக்குப் பிடித்த சேதி அடுத்தது: மீதிப்பேரில், பதின்ம வயதில் நிறையத் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் நாற்பதை நெருங்குவதற்குள் நிமிர்ந்துவிட்டார்கள். தலையெடுத்தவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்தவற்றில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தான் செய்கிற வேலையால் ஏதோ ஒன்று மாறும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. அப்புறம், பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, அக்கறையாகப் பார்த்துக்கொண்ட ஒருவராவது இருந்தார். இந்த இரண்டும் பின்னால் வரும்.

படி 2: நீங்கள் சொல்லும் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, இதில் அவசரப்படாதீர்கள்.

என் கதையையே சொல்கிறேன். வேலை தேட ஆரம்பித்த புதிதில் முதல் மூன்று நேர்முகத் தேர்விலும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லிக்கொண்ட காரணம் ஒன்றுதான்: "நமக்குப் பேச வராது." அது ஏதோ உயரம், நிறம் மாதிரி என்னோடு பிறந்தது என்றே நம்பினேன். ஒரு நாள் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேறு ஒரு நிறுவனத்தில் வேலையில் இருந்தவர், உட்கார வைத்துக் கேட்டார்.

"எந்தக் கேள்வியில நின்னே தம்பி?"

"மூணாவது கேள்விக்கா. நான் செஞ்ச புராஜெக்ட் பத்திக் கேட்டாங்க."

"பதில் தெரியாதா, தெரிஞ்சும் சொல்ல வரலையா?"

"தெரியும். சொல்ல வரலை."

"சரி. அந்தப் பதிலை வீட்டுல எத்தனை தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே?"

ஒரு தடவைகூட இல்லை. மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். "பேச வராது" என்று நான் சுமந்துகொண்டிருந்த அத்தனை பெரிய மூட்டையை அவர் அவிழ்த்தபோது உள்ளே இருந்தது, "ஒரு கேள்விக்கான பதிலை வாய்விட்டுப் பழகவில்லை" என்ற சின்னச் சமாசாரம். சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம், ஆனால் நம் விஷயம் என்று வரும்போது மட்டும் பழக்கத்தை மறந்துவிட்டுப் பிறப்பைப் பிடித்துக்கொள்கிறோம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம், தோற்ற அன்றைக்கு மனதில் வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். வலது பக்கம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: சரியாக எந்த இடத்தில் நின்றது? அந்த இடத்துக்காக நான் என்ன பழகினேன், எத்தனை தடவை? என் தம்பியோ தோழியோ இதே நிலைமையில் வந்தால் அவர்களிடமும் இந்த இடது பக்கத்து வாக்கியத்தையே சொல்வேனா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "சொல்ல மாட்டேன்" என்றுதான் வரும். மற்றவர்களுக்குக் காட்டுகிற நியாயத்தை நாம் நமக்குக் காட்டுவதில்லை.

வலது பக்கத்தில் சில சமயம் "என் தப்பு எதுவும் இல்லை" என்பதும் வரும். இருந்தது ஒரே இடம், வந்தது ஆயிரம் பேர். அல்லது உங்கள் ஊர், சாதி, நிறம், பால், உடல்குறை எதையோ பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். அதையும் அப்படியே எழுதுங்கள். அநியாயத்தை எல்லாம் "என் மனநிலை சரியில்லை" என்று தலையில் ஏற்றிக்கொள்வது இந்தப் பயிற்சியின் நோக்கம் கிடையாது. அப்படி ஏற்றிக்கொள்ளச் சொல்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அநியாயம் என்றால் அதற்குச் செய்ய வேண்டியது வேறு: வேறு கதவைத் தட்டுவது, புகார் கொடுப்பது, துணைக்கு ஆள் சேர்ப்பது.

காரணம் இவ்வளவு தூரம் வேலை செய்யுமா என்று சந்தேகம் இருந்தால் இதைப் பாருங்கள். கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ ரொம்ப புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர்கள் வந்து எல்லோரும் திணறினார்கள். அதற்கும் பிறகு முதலில் கொடுத்த அளவுக்கே எளிதான புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாக எடுத்தார்கள், உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் கூடுதலாக எடுத்தார்கள். வித்தியாசம் ஒரே ஒரு வாக்கியம். புத்திதான் காரணம் என்று நம்பிய பிள்ளைக்குத் திணறல் என்பது புத்தி தீர்ந்துபோனதற்கு அடையாளம். உழைப்புதான் காரணம் என்று நம்பிய பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் உட்கார வேண்டும் என்பதற்கு அடையாளம்.

படி 3: கைக்குள் அடங்குகிற ஒரு வேலையை முடியுங்கள்

வலது பக்கத்தில் எழுதியதிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள். 20 நிமிடத்தில் முடியக்கூடியதாக அதை வெட்டிச் சின்னதாக்குங்கள். "ஆங்கிலம் கற்க வேண்டும்" என்பது வேலை இல்லை, ஆசை. "என்னைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி, அதைச் சத்தமாக மூன்று தடவை படிப்பது" என்பது வேலை. முடிந்ததா இல்லையா என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிட முடிய வேண்டும், அதுதான் அளவு.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். நாமே ஒன்றைச் செய்து முடிப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், நம் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. இதில் பலமானது முதலாவதுதான். ஊக்கப் பேச்சு மூன்றாவது இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். நான் பார்த்தவரை புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த மூன்றாவதிலேயே நாள் முழுக்க ஊறிவிட்டு முதலாவதைத் தொடாமலேயே தூங்கப்போகிறார்கள், நானும் அப்படிச் சில மாதங்களை விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டீவன் மேயரும் மார்ட்டின் செலிக்மனும் 1967இல், தப்பிக்கவே முடியாத வலிக்கு ஆளான விலங்குகள் பிறகு தப்பிக்க வழி இருந்தாலும் அசையாமல் கிடப்பதைக் கண்டார்கள், கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொள்கின்றன என்றார்கள். ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து 2016இல் அவர்களே அதைத் திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிக் கிடப்பது கற்றுக்கொண்டது கிடையாது, மூளை இயல்பாகவே அப்படித்தான் போகிறது. "என் கையில் கொஞ்சம் இருக்கிறது" என்பதைத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று. நீண்ட நாள் கஷ்டப்பட்டவருக்கு எழுந்திருக்கவே மனம் வராமல் இருப்பது சோம்பேறித்தனம் என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள், நீங்களும் உங்களைச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்த 20 நிமிட வேலை, மூளைக்குக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுக்கிற பாடம்.

படி 4: "இப்படி ஆனால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி

வெற்றி பெற்ற மாதிரி கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள் என்பார்கள். அதோடு நிறுத்தினால் கெடுதல்தான். கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற ஆய்வாளர் பல வருடங்களாகச் செய்த சோதனைகளில், இனிமையான கற்பனையில் மட்டும் மூழ்குகிறவர்களின் முயற்சி குறைவதைக் கண்டார். ஏற்கெனவே கிடைத்துவிட்ட மாதிரி உடம்பு தளர்ந்துவிடுகிறது. ஆசையை நினையுங்கள், உடனே அதற்கு நடுவில் நிற்கிற தடையையும் நினையுங்கள் என்பது அவர் சொல்கிற வழி.

தடை தெரிந்ததும் அதற்கு ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து ஆராய்ந்து சொன்ன எளிமையான உத்தி இது. "தினமும் படிப்பேன்" என்று எழுதாமல், "ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பேன்" என்று எழுதுங்கள். "வேலை முடிந்து அசதியாக வந்தால், ஒரு பக்கம் மட்டும் படிப்பேன்." "யாராவது 'உனக்கெதுக்கு இதெல்லாம்' என்றால், பதில் பேசாமல் எழுந்துபோய் அன்றைய 20 நிமிடத்தை முடிப்பேன்." எப்போது, எங்கே, என்ன என்று மூன்றும் அந்த வரிக்குள் இருக்க வேண்டும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுங்கள். ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

படி 5: ஆள் தேடுங்கள்

கவாய்த் தீவுப் பிள்ளைகளிடம் பார்த்த அந்த இரண்டாவது விஷயம் இது. தனியாகவே ஜெயித்தேன் என்று சொல்பவர்களின் கதையைக் கொஞ்சம் கிளறினால் உள்ளே யாரோ ஒருவர் இருப்பார்.

இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கதையில் இது பளிச்சென்று தெரியும். 1791இல் பிறந்தவர், அப்பா கொல்லர், வீட்டில் வறுமை, பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்கிற இடத்தில் தொழில் பழகச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலைப் பிடித்துக்கொண்டார். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், 1812இல் அப்போது பேர்பெற்ற வேதியியலாளரான ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு அவருக்கு அனுமதிச்சீட்டு கொடுத்தார். ஃபாரடே போய் உட்கார்ந்து குறிப்பெடுத்தார், வீட்டில் அதைப் படங்களோடு விரித்து எழுதினார், கடைசியில் தன் கையாலேயே பைண்டிங் செய்து புத்தகமாக்கினார். முதலில் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவருக்கு வேலை கேட்டு எழுதினார், பதிலே இல்லை. பிறகு அந்தக் குறிப்புப் புத்தகத்தை டேவிக்கே அனுப்பினார். டேவி கூப்பிட்டுப் பேசினார், ஆனால் காலியிடம் இல்லை, பைண்டிங் தொழிலையே பார் என்று அனுப்பிவிட்டார். 1813இல் டேவியின் ஆய்வுக்கூட உதவியாளர் சண்டை போட்டு வேலையை இழந்தார். அப்போது டேவிக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பைண்டிங் செய்த புத்தகத்தை அனுப்பிய இளைஞர். 1831இல் மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்தத்தை வைத்து மின்சாரம் உண்டாக்க முடியும் என்பதை, கண்டுபிடித்தது அதே ஆள்தான்.

எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்கள்: கடை முதலாளி, சீட்டு கொடுத்தவர், டேவி. அதிர்ஷ்டமும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்த நாளில், கையில் காட்டுவதற்கு ஒரு புத்தகம் தயாராக இருந்தது. அதைத் தயாரிக்க அவர் பயன்படுத்தியது வறுமை அவரைக் கொண்டுபோய்த் தள்ளிய அதே பைண்டிங் வேலையை. உங்கள் முதல் பக்கத்துக் கஷ்டப் பட்டியலை ஒரு முறை திரும்பப் பாருங்கள், அதில் எது உங்களுக்கு ஒரு கைத்தொழிலையோ பொறுமையையோ மனிதர்களைப் படிக்கிற திறமையையோ கொடுத்திருக்கிறது என்று.

உதவி கேட்கும்போது "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள், எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம். நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இதுவரை செய்து பார்த்ததை இணைத்திருக்கிறேன். இந்த இடத்தில் நின்றுவிட்டேன். பத்து நிமிடம் பேச முடியுமா? நேரம் இல்லையென்றால் அடுத்து எதைப் படிக்கலாம் என்று ஒரு வரி சொன்னாலும் போதும்." பத்துப் பேருக்கு அனுப்பினால் பலர் பதில் போட மாட்டார்கள். ஃபாரடேவுக்கே வரவில்லை.

கூட இருப்பவர்களும் முக்கியம். 2019இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மூளையின் திறன் வளரக்கூடியது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இணையத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பின்தங்கியிருந்த மாணவர்களின் மதிப்பெண் சராசரி, நான்குக்குக் கணக்கிடும் அளவில் 0.1 புள்ளி கூடியது. சின்ன மாற்றம்தான், ஒரு மணி நேரத்துக்கு அது மோசமில்லை. ஆனால் கஷ்டமான பாடத்தை எடுத்துக்கொள்வதைக் கூடப் படிப்பவர்கள் இயல்பாக நினைத்த பள்ளிகளில்தான் அது நன்றாகப் பிடித்தது. முயற்சி செய்பவரைக் கேலி செய்கிற கூட்டத்துக்கு நடுவில் மனநிலையை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது ரொம்பக் கஷ்டம். ஒரே ஒருவர் போதும், அதே 20 நிமிடத்தை அவரவர் இடத்தில் செய்துவிட்டு "முடிச்சுட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பிக்கொள்கிற ஒருவர்.

படி 6: சறுக்குகிற நாளுக்கு

சறுக்கும். அன்றைக்கு இடது பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிடுங்கள், வலது பக்கத்தை மறுநாள் எழுதலாம். அடிபட்ட அன்றே நியாயமாக யோசிக்க வராது.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் நாள் போகிறது என்றாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலோ, நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். அது நோட்டால் சரியாகிற விஷயம் இல்லை, உங்கள் மனவலிமைக்கு அதில் எந்தக் குறைவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எல்லா இடது பக்கங்களையும் வரிசையாகப் படியுங்கள். வலது பக்கம் வேண்டாம், இடது மட்டும். என் நோட்டில் முதல் இடது பக்கத்தில் "நமக்குப் பேச வராது" என்று இருக்கிறது. ஐந்தாவது நேர்முகத் தேர்வுக்குப் பிறகு எழுதிய இடது பக்கத்தில், அதுவும் கிடைக்காமல் போனதுதான், "மூணாவது பதில் ரொம்ப நீளம், பாதியில அவங்க கடிகாரம் பார்த்தாங்க" என்று இருக்கிறது. ஆறாவதற்குப் போவதற்கு முன்னால் அந்தப் பதிலை ஒன்றரை நிமிடத்துக்குச் சுருக்கி, அக்காவிடம் போனில் நான்கு தடவை சொல்லிக் காட்டினேன்.